இடுப்பளவுச் சுவர்

கூடுவாஞ்சேரி
16-6-2025

அன்பு மகள் செல்விக்கு,

விடுதியில் உன் போனை வாங்கிப் பூட்டிவைத்ததில் எனக்கு எழுதும் வேலை வந்துவிட்டது. கம்பெனி பஸ்ஸில் ஆடி ஆடி எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும்.

உங்கள் பள்ளித் திடலுக்கு சியாமளா மேடம் போட்ட வரைபடத்தைப் பெற்றோர் குழுவில் காட்டினார்கள். பாதை பத்தடி அகலம்! கல்யாண ஊர்வலமா போகப்போகிறீர்கள்? அதுகூடப் போகட்டும். முள்வேலியை எடுத்துவிட்டு இடுப்பளவுக்குத்தான் சுவராம். பக்கத்திலேயே ஈசிஆர் சாலை. கண்டவனும் நின்று பார்ப்பான். உனக்குப் பின்னால் லாரி வந்தால்கூடத் தெரியாதே, கண்ணு! கூட்டத்தில் ஏழடிச் சுவர் கேட்கப்போகிறேன்.

உன் அப்பா,
ஜெகதீசன்

கோவளம்
19-6-2025

அப்பாவுக்கு,

வரைபடம் மேடம் மட்டும் போட்டதில்லை. நாங்கள் இருபது பேர் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினோம். நானும் ஸ்வாதியும் பேசிக்கொண்டே நடக்க, முகமும் கையும் தெரிய வேண்டும். குறுகிய பாதையில் ஒருத்தி பின்னால் போனால் பேச்சு முடிந்தது. பெஞ்சு வரிசையாக இருந்தால் ஓரத்தில் இருப்பவளுக்கு ஒன்றும் தெரியாது, அதனால்தான் வட்டம். சுவர் குட்டையாக இருந்தால் வருவது தூரத்திலேயே தெரியும். எங்களுக்குக் கண்தான் காவல்.

தயவுசெய்து கூட்டத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

செல்வி

கோவளம்
11-8-2025

அப்பாவுக்கு,

திறந்துவிட்டீர்கள். நீங்கள் பேசியதைக் கேட்டுத்தான் மற்றவர்களும் கை தூக்கினார்களாம். ஏழடிச் சுவரும் தகரக் கதவும் வந்துவிட்டன. கடல் காற்று வருகிறது, கடல் தெரியவில்லை.

முந்தாநாள் செங்கல் வண்டி சுவர் ஓரமாகத் திரும்பி உள்ளே வந்தது. ஸ்வாதி என்னைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தேன். நீங்கள் பயந்ததே நடக்கப் பார்த்தது, உங்கள் சுவரால்.

இந்த மாதம் என்னைப் பார்க்க வராதீர்கள்.

செல்வி

கூடுவாஞ்சேரி
18-8-2025

செல்வி, கண்ணு,

வராதீர்கள் என்றாய். மனசு கேட்கவில்லை, நேற்று வந்தேன். தகரக் கதவில் பூட்டு. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். தட்டினேன். பிறகு "செல்வி, செல்வி" என்று கத்தினேன். உள்ளே பந்து தட்டும் சத்தம் கேட்கிறது, ஒருவரும் வரவில்லை. கல்லை எடுத்தேன், யார்மேலாவது விழுமே என்று கீழே போட்டேன். மறுபடி கத்தினேன். மீன் கூடையோடு போன ஓர் அம்மா நின்று சிரித்தார்.

"இன்னா அண்ணாத்த, காது கேக்காத பசங்களப் போயி கூவிக்கினு கீற?"

அப்போதுதான் உறைத்தது. பதினாறு வருஷமாக உனக்கு அப்பன், சே! நானே கட்டச் சொன்ன சுவருக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். வெட்கம் தாங்காமல், வாட்ச்மேன் வரும்முன் பஸ் ஏறிவிட்டேன்.

தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். சுவரை இடுப்பளவுக்கு இடிக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றேன். முப்பதாம் தேதி கூட்டம். நான்தான் பேசப்போகிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? உன் தோழிகள் உன்னைக் கையால் கூப்பிட ஒரு பெயர் வைத்திருப்பார்களே, அது என்ன? இத்தனை வருஷம் நான் கேட்டதே இல்லை. எழுது.

அப்பா

கோவளம்
22-8-2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்வாதிக்குக் காட்டினேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் நான் அழுதேன். பந்து தட்டியது நாங்கள்தான், சுவருக்கு இந்தப் பக்கம்.

கோபம் இன்னும் இருக்கிறது. முப்பதாம் தேதி ஒழுங்காகப் பேசுங்கள்.

என் பெயரை எழுத முடியாது அப்பா, காட்டத்தான் முடியும். முப்பத்தொன்றாம் தேதி வாருங்கள். கதவைத் திறந்துவைத்து வாசலிலேயே நிற்கிறேன்.

உங்கள் மகள்