காய்ச்சாத பிரசாதப் பால்

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் உண்ணாமலை வணங்கி எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

போனில் சொன்னால் உடனே பஸ் ஏறிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். மாறனுக்கு ஒரு வயது முடிந்ததல்லவா? முதல் பசும்பால் சாமி பிரசாதமாக இருக்கட்டும் என்று பவுடர் பாலை நிறுத்திவிட்டு, பிரதோஷத்தன்று அபிஷேகப் பாலை டம்ளர் நிறையக் கொடுத்தேன். சாமி மேல் பட்டதைக் காய்ச்ச மனம் வரவில்லை. அவனுக்கு வயிற்றால் போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறான், பயப்படாதே.

டாக்டரம்மா திட்டவில்லை, சிரித்தார்.

"காய்ச்சினா சாமி ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரும்மா. கரைச்ச பவுடர் பால்ல, காய்ச்சி ஆறவச்ச பசும்பாலைக் கொஞ்சமா கலந்து ஆரம்பிங்க. வயிறு ஒத்துக்கிட்டா ஜாஸ்தி பண்ணுங்க."

அப்படியே செய்கிறேன். பாதிக்குப் பாதி வந்துவிட்டோம். வயிறு சமர்த்தாக இருக்கிறது. மீதியையும் நானே பழக்கிவிடுவேன்.

இவர் லாட்ஜ் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார். மாறன் எழுந்துவிட்டான், முடிக்கிறேன். உன் நூல் புடவை ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்பு. அவனுக்கு விரிக்கத்தான். துவைக்க வேண்டாம், நீ உடுத்தியபடியே இருக்கட்டும்.

உண்ணாமலை