சாலையோரம் நட்ட செலரி

ஹோம்ஸ் கவுண்டி, ஒஹையோ
செப்டம்பர் 29, திங்கட்கிழமை

அன்பு மகள் வெர்னாவுக்கு,

கர்த்தர் இன்றைய நாளையும் கொடுத்திருக்கிறார், உன் அப்பாவும் நானும் ஐவாவும் எழுந்து நடமாடி அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே ஃபுளோரிடாவில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை, ஜூலைக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லையே. எழுத்து மாறியிருக்கிறது என்று திகைக்காதே. சொல்வது நான், எழுதுவது உன் தங்கை. குளிர்காலத்துக்குத் தக்காளி வேகவைத்துப் பாட்டிலில் அடைத்த அன்று கொதிக்கிற பாட்டில் ஒன்று என் வலது கையிலேயே வெடித்துவிட்டது, உள்ளங்கையில் ஏழு தையல், இன்னும் கரண்டி பிடிக்க வரவில்லை. இந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் போல ஐவாவும் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அவள் எழுத்து உன் எழுத்தைவிட நேராக ஓடுகிறது. வாயால் பேசாததை எல்லாம் கையில் சேர்த்து வைத்திருக்கிறாள் போலிருக்கிறது.

இங்கே சோளம் வெட்டி முடித்தாயிற்று. அப்பாவின் பட்டறையில் நாற்காலி வேலை குவிந்து கிடக்கிறது, முதுகு முதுகு என்று முனகுகிறார், ஞாயிற்றுக்கிழமை காணாமல் போகிற வலி திங்கட்கிழமை சரியாக வந்து சேர்ந்துகொள்கிறது. கிழட்டுக் குதிரை டாலியை விற்றுவிட்டோம், புதிதாக வந்தது லாரியைக் கண்டால் பக்கவாட்டில் நடக்கிறது, அதை ஓட்டிக்கொண்டு சபைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி ஜெபம் வழியிலேயே முடிந்துவிடுகிறது. ஐவா இன்னமும் அந்த ரொட்டிக்கடையின் பின்கட்டில் மாவு பிசைகிறாள். முன்னால வந்து நில்லும்மா, வர்றவங்களுக்குப் பொட்டலம் கட்டிக் குடு, என்று கடைக்கார அம்மாள் மூன்று தடவை கேட்டுப் பார்த்தாளாம். இவள் மாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை, மாவைப் புரட்டிப் புரட்டிப் பிசைந்துகொண்டே இருந்தாளாம், கடைசியில் அந்த அம்மாள்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

இனிமேல் சொல்லப் போவதை உட்கார்ந்து படி. போன ஜனவரியில் பஸ் ஏறும்போது நீ என்ன சொன்னாய்? ஒரே ஒரு குளிர்காலம்மா, விடுமுறைக்கு வர்றவங்க வீட்டைக் கூட்டித் துடைச்சு, கடலையும் ஒரு தடவ பார்த்துட்டு, ஏப்ரல்ல ஓடி வந்துடறேன், என்றாய். ஏப்ரல் போய் ஜூன் ஆயிற்று. ஜூலையில் எழுதின கடிதத்திலும், ஏடனைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க, சபையில கல்யாண ஓலை வாசிக்கிறதுக்கு முன்னால வந்துடுவேன், நவம்பர்ல கல்யாணத்தை வச்சுக்கலாம், என்றுதான் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை நம்பித்தான் முந்நூற்றைம்பது செலரிக் கன்று நட்டேன். நம் வீட்டில் எந்த வருஷமும் இருபதுக்கு மேல் நட்டதில்லை. பெண் இருக்கிற வீட்டில் முந்நூற்றைம்பது கன்று நின்றால் நம் ஆமிஷ் சபை ஜனங்களுக்கு விளக்கம் வேண்டுமா, கல்யாணப் பந்திக்குத்தான் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். சபையில் ஓலை வாசிக்கிற வரை நிச்சயமானது வெளியே தெரியக் கூடாது, அதனால்தான் எல்லாரும் சோளத்துக்குப் பின்னால் மறைத்து நடுகிறார்கள். அப்பாவும் அதையேதான் சொன்னார். சலோமா, ரோட்டோரம் வேணாம், பின்னாடி போடு, செடிக்கு வாயில்லைன்னு நெனைக்காத, என்றார். அங்கதான் மண்ணு நல்லா இருக்கு, தண்ணியும் கிட்ட, என்று நான் சாக்குச் சொன்னேன். போகிற வருகிற வண்டியெல்லாம் பார்க்கட்டும் என்று எனக்கு ஆசை, அதுதான் உண்மை. பெருமை பாவம் என்று தொட்டிலிலிருந்து கேட்டு வளர்ந்தவள், அந்தப் பாவத்தை வரிசை பிடித்து நட்டுத் தண்ணீரும் ஊற்றினேன். ஆகஸ்டில் ஆராதனை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டு மேட்டி, என்ன சலோமா, இந்த வருஷம் பூரா செலரி சூப்புதானா, பாவம் உங்க வீட்டுக்காரர் ரோமன், ஆடு மாதிரி கத்தப் போறாரு, என்று சொல்ல, பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை.

செப்டம்பர் நாலாம் தேதி, தண்டு வெளுக்கட்டும் என்று செலரிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். மேட்டி சாலையைத் தாண்டி வந்தாள், வரும்போதே ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், கையில் ஈரம் ஒன்றும் இல்லை. சலோமா, உங்க வெர்னா டெலிபோன்ல பேசி வச்சிருக்கா, நீயே போய்க் கேட்டுடு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்டி, என்றாள். சொல்ல வேண்டியதை அவள் முகம் சொல்லிவிட்டது. நாலு வீட்டுக்கும் பொதுவான டெலிபோன் கொட்டகையில், யார் வேண்டுமானாலும் பொத்தானை அமுக்கிக் கேட்கிற பெட்டியில், உன் கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறாய் மகளே. அம்மா, நான் வரலை, இங்கயே இருந்துடறேன், ஏடன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, மன்னிச்சுக்கங்க. அவ்வளவுதான். பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். இன்னொரு தடவை கேட்கலாம் என்று நான் எதை அமுக்கினேனோ, எல்லாம் அழிந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால் நான் விட்ட வரிசையில் குனிந்து மேட்டி மண் அணைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு மறுநாள்தான் தக்காளி அடைத்தேன், கை எப்படி வெட்டுப்பட்டது என்று கேட்கிறவர்களிடம் பாட்டில் பழசு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏடனிடம் அப்பாதான் போய்ச் சொன்னார். அவன் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தானாம், கேட்டுக்கொண்டே மிச்சக் கால்களுக்கும் அடித்து முடித்து, சரிங்க, என்று மட்டும் சொன்னானாம். அவன் நிலைமையையும் நினைத்துப் பார். பெரியப்பாவின் பண்ணை வருகிற குளிர்காலத்தில் அவன் கைக்கு வருவதாகப் பேச்சு, ஆனால், ஒண்டிப் பையனை நம்பி முப்பது மாட்டை விட முடியாது, பொண்டாட்டியோட வா, இல்லன்னா வேற ஆள் பார்க்கறேன், என்று அந்த மனிதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஏடன் கூப்பிடாமலே நம் வீட்டுக்குச் சோளம் வெட்ட வந்தான். மேசையில் உன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். போன புதன்கிழமை மழையில் ரொட்டிக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஐவாவை ஏற்றிக்கொண்டு வந்து விட்டான். வழியில் கேட்டிருக்கிறான், என்னைக் கட்டிக்கிறியா, என்று. இவள் பதில் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டாள். அன்றிலிருந்து நான் கேட்கிறேன், அப்பா கேட்கிறார், எத்தனை விதமாகக் கேட்டாலும் ஒரே பேச்சு, பெட்டி சொன்னதை வச்சு நான் எப்படிம்மா பதில் சொல்றது, விட்டுட்டேன்னு அக்கா கைப்பட எழுதட்டும், அப்பறம் சொல்றேன். இந்த வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டாள். எழுதுடி, சொன்னதைச் சொன்னபடி எழுது, என்றேன், இதோ எழுதுகிறாள்.

நீ விட்டுப் போன இடத்தில் தங்கையைப் பிடித்து வைக்கிறாள் அம்மா என்று நினைப்பாய். நினைத்துக்கொள், நினைப்பதற்கு உனக்குக் கடற்கரையும் நேரமும் இருக்கிறது. ஐவாவுக்குப் பத்தொன்பது வயதாகிறது, வாலிபர் பாட்டுக்கூட்டத்துக்குப் போனால் சுவரோடு சுவராக உட்கார்ந்திருக்கிறாள், கூட்டம் முடிந்து வீட்டில் கொண்டுவந்து விட அவளுக்காக இதுவரை ஒரு பையனின் வண்டியும் நின்றதில்லை. ஏடன் குடிக்கிறவன் இல்லை, குதிரையை அடிக்கிறவன் இல்லை, பண்ணை இங்கிருந்து கூப்பிடு தூரம். ஒரு மகளைத்தான் பஸ் கொண்டுபோய்விட்டது, இன்னொருத்தியாவது புகை தெரிகிற தூரத்தில் இருக்கட்டும் என்று நான் ஆசைப்பட்டால் அது குற்றமா? உன் பெட்டியில் கல்யாண உடுப்புக்கு என்று நீ வாங்கி வைத்த நீலத் துணி அப்படியே இருக்கிறது, ஐவா உன்னைவிடக் குள்ளம், துணி தாராளமாகப் போதும். முந்நூற்றைம்பது செலரியும் உறைபனி பலமாக விழுகிற வரை தாங்கும், அதற்கு மேல் தாங்காது. காய்கறிக்கு என்ன தெரியும், யார் பந்திக்கு வளர்றோம்னு, என்று அப்பா சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா குத்திக் காட்டினாரா என்று இதுவரை எனக்குப் புரியவில்லை.

உன் வயதில் நானும் ஊர் தாண்டிப் போயிருக்கிறேன். அத்தைக்குப் பிரசவம் பார்க்க இண்டியானாவுக்கு இரண்டு வாரம். மூன்றாம் நாளே வீட்டை நினைத்து அழுதேன், அத்தை வேலையைப் பார்க்கச் சொன்னாள். உனக்கு மூன்றாம் நாள் என்று ஒன்று வரவே இல்லையா? அங்கே வேறு யாராவது இருக்கிறானா, இல்லை, யாரும் இல்லாமலே இருக்க முடியும் என்று கண்டுபிடித்துவிட்டாயா? இரண்டாவதுதான் என்றால் அது எனக்கு இன்னும் கசப்பு.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிறு, திருவிருந்து. அதற்கு முன் ஏடன் சபை டீக்கனிடம் பேசினால்தான் இந்த வருஷம் ஓலை, நவம்பரில் கல்யாணம், பண்ணை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த அன்றே உட்கார்ந்து, ஏடனை விட்டுவிட்டேன், ஐவா அவனைக் கட்டிக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை, என்று உன் கையால் எழுதி அனுப்பு. இரண்டு வரி போதும். எனக்கு என்று தனியாக ஒன்றும் எழுத வேண்டாம்.

அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாயா? அங்கே சைக்கிளில் சுற்றும்போது தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொள், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே. கோபத்தோடு எழுதினாலும் காலையும் மாலையும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம், கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், வரத்தை முக்கியமாக. பத்தாம் தேதிக்குள் உன் கடிதம் வர வேண்டும், மறக்காதே.

உன்னைப் பெற்ற,
சலோமா
(இடது கையால் போட்டது, கோணலாகத்தான் வரும்)

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா துணி உலர்த்தப் போயிருக்கிறாள். ஒட்டித் தபால்பெட்டியில் வைக்கச் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் நான் மாற்றவில்லை, என்னைப் பற்றிச் சொன்னதையும்தான்.

புதன்கிழமை நடந்ததில் அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஏடன் அந்தப் பண்ணை வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான். அடுப்பை இடம் மாத்திடலாம், சமையல்கட்டுக்குக் கிழக்கே ஒரு ஜன்னல் வைக்கறேன், உனக்குக் காலை வெயில் பிடிக்குமே வெர்னா, என்றான். வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். பாலம் தாண்டியதும் மறுபடியும் உன் பெயரைச் சொன்னான். இரண்டு தடவையும் அவனுக்கே தெரியவில்லை. அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை, அவ்வளவு சந்தோஷமாக. காலை வெயில் வரும்போது நான் ஐந்தாவது தட்டு ரொட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டிருப்பேன், எனக்கு அது பிடிக்குமா என்று எனக்கே தெரியாது. பிறகு அதே குரலில், கட்டிக்கிறியா, என்று கேட்டான்.

உன் கோட்டைப் போட்டுக்கொண்டேன், உன் காலணியைப் போட்டுக்கொண்டேன், நீ போனதும் உன் கட்டிலில் படுத்துக்கொண்டேன். எதற்கும் ஒன்றும் சொன்னதில்லை. இது ஒன்று மட்டும் என்னால் முடியாது.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். நீ எழுதினால் அம்மா என் முகத்தைப் பார்ப்பாள், நான் தலையாட்டிவிடுவேன். அதனால் எழுதாதே அக்கா. பன்னிரண்டாம் தேதி போகிற வரை ஒரு வரியும் எழுதாதே. அம்மா தினமும் தபால்பெட்டிக்கு நடப்பாள், உன்னைத் திட்டுவாள், கல்நெஞ்சக்காரி என்பாள். கூட நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், உனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஐவா