கைமாறாத சுற்றுப் பலகை

குருமே, மார்ச் 10

அன்பு மகள் சிசுருவுக்கு அப்பா எழுதுவது. நான் நலமாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார், அதையே நானும் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே பிளம் மரம் பூத்து உதிர்ந்தும் போயிற்று, நான் கவனிக்கவில்லை. அம்மா போய் இன்றோடு இருபத்தேழு நாள். அழுகை வரவில்லை. சோறு வடிக்கிறேன், துணி காயப்போடுகிறேன், எல்லாம் வேறு யாரோ செய்வது போல நடக்கிறது. எரியூட்டிய மறுநாள் உன் மாமா சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது. நீ போனில் ஏம்ப்பா நீங்க சொல்லலன்னு ஒரே கேள்விதான் கேட்டாய், அதற்குப் பிறகு பேசவேயில்லை. நேற்று நடந்ததை உனக்கு எழுதத் தோன்றியது.

நேற்று மத்தியானம் தெருச் சங்கத்து ஒகுபோ அம்மாள் வந்து, சுற்றுப் பலகை மூணு வாரமா எங்க போச்சுன்னு தெரியல, உங்க வீட்டோட நிக்குதான்னு கேட்டாள். தெரு அறிவிப்புகளோடு வீடு வீடாகக் கைமாறிப் போகிற அந்தப் பலகை நம் வீட்டில்தான் நின்றது. சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் மேலே நானே வைத்தது. அதில் செருகியிருந்த தாளில் கினுயே என்று அம்மா பெயரும் மண்டபத்தில் இறுதிச் சடங்கு நடக்கும் நேரமும் இருந்தன. படித்து முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் முத்திரை குத்தவில்லை, கொடுக்கவும் இல்லை. அதனால் பட்டியலில் நமக்கு மேலே இருக்கிற வீட்டார் எல்லாரும் வந்தார்கள், கீழே இருக்கிற ஒருவரும் வரவில்லை. என்ன ஜனங்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது.

அடுத்து யாரிடம் கொடுப்பது என்றுகூட எனக்குத் தெரியாது, எப்போதும் அம்மாதானே கொண்டுபோவாள். பட்டியலில் ஹமசாக்கி என்று இருந்தது. முனை திரும்பினால் இருக்கிற அந்த ஆறு நாற்காலி ராமென் நூடுல்ஸ் கடை. பன்றி எலும்பு வேகிற வாடைக்கு முப்பது வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு நான் தாண்டிப் போகிற கடைதான். தலையில் துண்டு கட்டிய ஆள், நாற்பது வயசு இருக்கும், பலகையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கினுயே அக்கா வீட்டுக்காரரா, எங்க வாடையே ஆகாதுன்னு சொல்வாங்களே, அந்த மகராசன் நீங்கதானான்னு சிரித்தான். உட்காருங்கய்யா, அக்கா சாப்பிடற மாதிரியே போடறேன்னு நூடுல்ஸைக் கொதிநீரில் இறக்கினான். செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவாளாம். எனக்கு ரத்தக் கொதிப்பென்று உப்பில்லாமல் சமைத்துப் போட்டுவிட்டு, தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று கிளம்பி, அங்கே சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பாளாம். பெரிய கைகாரி. அப்புறம் அவன், அக்காவ மூணு வாரமா காணோமே, ஊருக்குப் போயிருக்காங்களான்னு கேட்டான்.

இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியிலும் மண்டபத்திலும் மற்றவர்கள் சொன்னார்கள், நான் தலையாட்டினேன். அவன் அப்படியே நின்றுவிட்டான். அந்தக் கடையில் நூடுல்ஸ் ஒரு நிமிஷத்துக்கு மேல் வேகக் கூடாது, அது சட்டியிலேயே ஊதிக் கூழாகிவிட்டது. பிறகு மன்னிச்சிருங்கய்யான்னு சொல்லி அதைக் கொட்டிவிட்டு, புதிதாக வேகவைத்து, அம்மாவுக்குப் போடுவது போலவே வெங்காயம் போடாமல் என் முன்னால் வைத்தான். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது. வான்கூவரில் ராமென் நன்றாக இருக்கிறது என்று எழுதுவாயே, இதுதான் அசல் என்று அம்மாவாக இருந்தால் உன்னிடம் சண்டைக்கு வந்திருப்பாள்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி நாற்பத்தொன்பதாம் நாள் காரியம். அன்றைக்கே அஸ்தியைக் கல்லறையில் சேர்த்துவிடலாம் என்கிறார் மாமா. நீ வந்த பிறகுதான் என்று கோயிலில் சொல்லிவிட்டேன். மே மாதமோ ஜூன் மாதமோ, எப்போது முடிகிறதோ அப்போது வா. அதுவரை அம்மா வீட்டிலேயே இருப்பாள். வரமாட்டேன் என்றால் அதையாவது எழுது. முதுகு வலியை அலட்சியம் செய்யாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

அடுத்தவர் வாயால் நீ கேட்டதை நான் சொல்லியிருக்க வேண்டும். தாமதமாகச் சொல்கிறேன். சிசுரு, பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி காலை பத்தே காலுக்கு உன் அம்மா இறந்துவிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

உன் அப்பா
ஷிகெமிட்சு