முப்பதாம் பக்கத்துப் பிறை

என் செல்லச் சாச்சிக்கு ஸலாம்.

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. தாம்பரம் அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர் லாரி வருவதாகச் சொல்லிவிட்டு வருவதில்லை. நான் படிப்பதாகச் சொல்லிவிட்டுப் படிப்பதில்லை. ஸ்டேஷன் பக்கத்து வாடகை நூலகத்தில் பாதி அலமாரியை எடுத்துவிட்டு சிடி அடுக்கியிருக்கிறார்கள். உங்கள் லண்டன் நாவல்களைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளிவிட்டார்கள்.

அந்த நாவல்களில் வரும் சீமாட்டிகள் இரண்டு உலகப் போருக்கு நடுவே நடனமாடினார்கள், நீங்கள் இரண்டு குக்கர் விசிலுக்கு நடுவே படித்தீர்கள் என்று நான் சொன்னால் எப்படிச் சிரிப்பீர்கள். உங்களுக்கு முட்டிவலி வந்து நூலகப் படியேற முடியாமல் போனதும் நாவல் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"முத்துமாலை இருக்கணும், நீளமா ஒரு கார் இருக்கணும், கொலை கூடாது. முக்கியமா, ரெண்டாவது சண்டை ஆரம்பிக்கிறதுக்குள்ள கதை முடிஞ்சிடணும்டி."

"சாச்சி, இது புக் எடுக்கவா, மாப்பிள்ளை பார்க்கவா?"

படித்ததையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க, அங்கே எல்லோரும் புத்தகத்துக்குள் ரகசியமாக ஓர் அடையாளம் வைப்பார்கள். யாரோ ஒரு சாருக்கு மூன்று புள்ளி, ஓர் அக்காவுக்கு மீன். உங்களுக்கு முப்பதாம் பக்க மூலையில் பென்சிலால் ஒரு பிறை. பிறை இருந்தால் எடுக்காதே என்றீர்கள்.

அரைப் பரீட்சை லீவில் எனக்குப் பொழுது போகவில்லை. நீங்கள் தொடாத மூன்று நாவல்களில் நானே பிறை வரைந்தேன். முதல் புத்தகத்தைக் கொடுத்தபோது முப்பதாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"இதை நான் படிச்சிருக்கேனா?"

"படிச்சிட்டு அழுதீங்களே சாச்சி. மறந்துட்டீங்களா?"

அந்த இரண்டாவது பொய் எதற்கு? முதல் பொய்க்கே நீங்கள் விழுந்துவிட்டீர்களே.

அடுத்த வாரம் இரண்டாவது புத்தகம். அதற்கடுத்த வாரம் மூன்றாவது. அதைத் திறந்து பார்த்துவிட்டு வெகுநேரம் மூடாமலே வைத்திருந்தீர்கள். பிறகு, "இனிமே புக் வேணாம்டி, கண்ணு வலிக்குது" என்றீர்கள். எனக்கு வேலை மிச்சம் என்று குதித்துக்கொண்டு போனேன். டியூஷனில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். உங்களிடம் உண்மையைச் சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மாரடைப்பு என்னைக் கேட்டுக்கொண்டா வரும்?

நேற்று நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து வெளியாட்கள் கிளம்பிய பிறகு சாச்சா தன் அண்ணனான என் அத்தாவிடம் சொன்னார். "அவ உம்மாவுக்குக் கடைசியில பெத்த பிள்ளைங்களையே அடையாளம் தெரியலைண்ணே. அதே மறதி தனக்கும் வந்துடுச்சின்னு கிடந்து பயந்தா. நாந்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகாம விட்டுட்டேன்." உங்கள் உம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாது சாச்சி. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் இரண்டு புத்தகம் கொடுத்தேன்.

சாச்சா ஒரு நோட்டை எடுத்து வந்தார். மறந்து போவதற்கு முன்னால் எங்களையெல்லாம் ஒவ்வொருவராக எழுதி வைத்திருந்தீர்கள். என் பக்கத்தில் உங்கள் கையெழுத்து: "நஸ்ரின். மச்சான் மகள். ரொம்பக் கிண்டல் பண்ணுவாள், கோபப்படாதே. யாரென்று தெரியாவிட்டாலும் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடு."

வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான். நேற்றோ பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

பள்ளி ஆண்டு மலருக்கு நகைச்சுவைத் துணுக்கு கேட்டார்கள். இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப்போகிறேன். ஆனால் சாச்சா இதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வீடு திரும்பும்போது வாசலில் நிற்பேன். உங்களுக்கு எந்த மறதியும் வரவில்லை, தப்பு அவர்மேல் இல்லை, என்மேல் என்று சொல்வேன். அதன்பிறகு அவர் என்னை உள்ளே கூப்பிடாவிட்டாலும் சொல்வேன். இது சத்தியம் சாச்சி.

உங்கள் வீட்டுப் பிள்ளையென்று சொல்லிக்கொள்ளக் கூசும்,
நஸ்ரின்