பதிலுக்குத் தட்டுறவன்

‘இன்னாங்க’ என்று கடிதத்தைத் தொடங்கியதை லவினா கோடு போட்டு அடித்தாள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனைப் பேர் சொல்லி எழுதினாள்.

“டைட்டஸ், சோறு குக்கர்ல கீது, ஒருத்தருக்குத்தான் வெச்சிருக்கேன். நானும் ஷெரினும் கவுன்சிலிங் மேடத்தப் பாக்க ட்ரெயின்ல பெங்களூர் போறோம். போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்தாச்சு. உங்கண்ணன் மத்தியானம் சமாதானம் பேச வர்றானாமே, வாசல்லயே பேசி அனுப்பு. பூட்ட மாத்திட்டேன், அவன்கிட்ட கீற சாவி இனிமே சேராது. புது சாவி மீட்டர் பாக்ஸ்ல கீது.”

சாவி என்று எழுதியதும் கை நின்றது. ஒன்பது வயசு மகள் ஷெரின், பெரியப்பா தப்பாகத் தொடுகிறார் என்று முந்தாநாள் அழுதுகொண்டே சொன்னபோது, இந்த மகராசன் டிவி சத்தத்தை ஏற்றிவிட்டு, “வெளிய சொல்லாத, மானம் பூடும்” என்றான். மானமாம்! பேனா காகிதத்தைக் கிழித்தது.

“உங்கப்பா மைன்ஸ் ரெஸ்க்யூ டீம்ல இருந்தாருன்னு இந்த ஊரிகம் டவுன் பூரா பீத்திக்கிறியே. சொரங்கத்துல கீழ மாட்டிக்கினவன் பைப்பத் தட்டினா, மேல கீறவன் பதிலுக்குத் தட்டுவான்னு நீதான சொல்லுவ? நெஜமாத்தான் மாட்டிக்கினியான்னு எவனாவது கேட்டானா? ரெண்டு நாளா பாப்பா உன் மூஞ்சியவே பாத்துக்கினு கீது.”

வாசலில் ஷெரின் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். காகிதத்தில் இடமில்லை, லவினா ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

“சாயந்தரம் நாங்க திரும்பி வந்ததும் அவள ஒண்ணும் கேக்காத. ‘நீ சொன்னத நம்பறேன், உன்மேல தப்பில்ல’ன்னு மட்டும் சொல்லு. அதுக்கும் துப்பில்லன்னா உங்கண்ணனோடவே கெளம்பு. போறப்ப புது சாவிய எடுத்த எடத்துலயே வெச்சிட்டுப் போ.”