பேசாதிருந்த மாதங்கள்

கடையநல்லூர்
12.6.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது முழு உண்மை இல்லை. போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் மூச்சுச் சத்தம்தான் கேட்கிறது. தபாலில் வந்தால் முடிகிறபோது படிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

பர்ஹத்தை இங்கே இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். உங்களுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறாள் என் உம்மா. ஃபாரூக் அண்ணன், உங்களுக்கு வேறு தொடுப்பு இருக்கிறதா என்று சங்கரன்கோவில் வரை வந்து விசாரித்தான். இல்லை என்று தெரிந்ததும் அவனுக்கே ஏமாற்றம். காரணம் ஒன்று கிடைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நீங்கள் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தீர்கள். தறிக்கூடத்தைப் பூட்டிப் போட்டீர்கள். பெருநாளைக்குக் குளிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பிள்ளை புது உடுப்பைக் காட்ட வந்து கட்டிலருகே நின்றாள். நீங்கள் முகத்தைத் திருப்பவே இல்லை. அவள் போய் அதைக் கழற்றிவிட்டுப் பழசைப் போட்டுக்கொண்டாள். அன்றைக்குத்தான் நான் பெட்டியைக் கட்டினேன்.

என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

சாஜிதா பானு

சங்கரன்கோவில்
30.7.2024

அன்புள்ள சாஜிதாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஒரு வரி எழுதுவதே மூட்டை தூக்குவது போலிருந்தது.

உன்னை நான் வெறுக்கவில்லை. வெறுப்பு என்றாலும் அதில் ஒரு சூடு இருக்குமே. எனக்குள் எதுவுமே இல்லை. சோறு தவிடு மாதிரி இருந்தது. பர்ஹத் வந்து நின்றது தெரியும். திரும்ப வேண்டும் என்றும் தெரியும். முடியவில்லை.

இதை உன்னிடம் மறைக்க மனமில்லை. போன மாதம் ஒரு மதியம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். எந்த ஊருக்கும் போவதற்காக அல்ல. நம் தறியில் வேலை பார்த்த இசக்கிப்பாண்டி பின்னாலேயே வந்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்தான். "மொதலாளி, எதுக்கு வந்தியன்னு நான் கேக்க மாட்டேன். எந்திரிங்க, என் கூட வாங்க" என்றான். அப்படியே பஸ் ஏற்றித் திருநெல்வேலிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனான்.

இது மனச்சோர்வு நோய் என்றார் அவர். எப்போதிலிருந்து தூக்கம் இல்லை என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், வாப்பா மவுத்தானதிலிருந்து. மய்யித்தை அடக்கிவிட்டு வந்ததும் விருந்தாளிகள், தறி, நூல் என்று ஓடினேனே தவிர அழவில்லை. அப்புறம் ஆர்டர் குறைந்தது. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். என் சின்ன வயதில் எங்கள் உம்மா மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்தது ஞாபகம் வந்தது. உம்மாவுக்குக் கோபம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கடைசிவரை அப்படியே நினைத்தோம். ஒரே ஒரு காரணத்தைத் தேடாதீர்கள், நாலைந்து சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கும் என்றார் டாக்டர்.

மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். இசக்கிப்பாண்டி தினமும் வந்து பார்க்கிறான்.

பீர் மைதீன்

கடையநல்லூர்
5.8.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அந்த ஸ்டேஷன் வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் மிச்சத்தைப் படித்தேன். இசக்கிப்பாண்டிக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

மனநோய் என்றால் நாளைக்குப் பர்ஹத்துக்கு மாப்பிள்ளை கிடைக்காது, செய்வினை என்றே இருக்கட்டும் என்கிறாள் உம்மா. அவளோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

பர்ஹத்திடம் வாப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் பேசவில்லை என்றேன். "நான் சத்தம் போட்டு வெளையாடுனேம்லா, அதனாலயா வந்துச்சு, உம்மா?" என்று கேட்டாள். இத்தனை மாதமாக அதை மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது.

சாஜிதா

சங்கரன்கோவில்
18.1.2025

அன்புள்ள சாஜிதாவுக்கு,

இரண்டு தறி ஓட ஆரம்பித்துவிட்டது. தூக்கம் வருகிறது. போன வெள்ளிக்கிழமை மையவாடிக்குப் போய், வாப்பாவை அடக்கிய இடத்தில் உட்கார்ந்து அழுதேன். அழ முடிந்ததே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மருந்து இன்னும் சில காலம் வேண்டும், இது மறுபடி எட்டிப் பார்க்கவும் கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அரையாண்டு லீவில் நான் அங்கே வந்தபோது பர்ஹத் மெல்ல மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நோன்புக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

பீர் மைதீன்

கடையநல்லூர்
3.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் தேறி வருவதை நினைத்துத் தொழுகையில் அழுதேன். இனி எழுதப் போவதை அந்த மனசோடுதான் எழுதுகிறேன்.

லீவில் வந்த அன்றைக்கு இங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று அமைதியானீர்கள். மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான். அதற்கே நான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று கதவைப் பார்த்தேன். நீங்கள் எங்களை அடித்ததில்லை, ஒரு சொல் வைததில்லை. அது நோய் என்று அறிவுக்கு நன்றாக விளங்குகிறது. நீங்கள் மூச்சு விடுகிறீர்களா என்று பார்த்துப் பார்த்துத் தூங்காமல் கிடந்த இந்த உடம்புக்கு விளங்கவில்லை. நானும் இப்போது ஒரு டாக்டரைப் பார்த்து வருகிறேன்.

திரும்பி வந்தால் நான் உங்களுக்குப் பெண்டாட்டியாக இருக்க மாட்டேன், காவல்காரியாகத்தான் இருப்பேன். யாரோ நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் உங்களாலும் தேற முடியாது. எனவே நான் வரவில்லை மச்சான். நாம் பிரிவதைப் பற்றி ஜமாஅத்தில் அண்ணன் பேசுவான். உங்களைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை வரக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பர்ஹத்துக்கு வாப்பா வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் அவளை பஸ்ஸில் கூட்டி வருவான். சாயங்காலம் வரை உங்களோடு இருக்கட்டும். புளியங்குடி தாண்டியதிலிருந்தே ஜன்னலில் எட்டி எட்டிப் பார்ப்பாள். பஸ் ஸ்டாண்டில் அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். வெயில் அடித்தாலும் நிழலுக்குப் போய்விட வேண்டாம்.

சாஜிதா