பிங்க் கலர் பிரேக்கு

மார்ச் 4

அப்பாவுக்கு,

போன எடுக்க மாட்டேங்கறீங்க. அதான் நான் அச்சடிச்ச போஸ்டரை அட்டைக் குழாய்ல சுருட்டி அனுப்பறேன். பிரிச்சுப் பாருங்க.

காலேஜ விட்ட கழுதை என்ன பண்ணுதுன்னு கேக்கறவங்களுக்கு இதைக் காட்டுங்க. சட்டத்துல துணிய இழுத்துக் கட்டி, அது வழியா மையத் தள்ளி அச்சடிக்கறேன். ஒரு கலருக்கு ஒரு சட்டம். எழுத்து ஒவ்வொண்ணும் முழ உசரம். கண்ணு கூசும். கூசட்டும்.

வார்த்தையெல்லாம் உங்களுது. டிரைவிங் ஸ்கூல் வண்டில நீங்க கத்துறது. "கியரப் புடிச்சுக்கிட்டே இருக்கியே, அதைக் கட்டிக்கப் போறியா?" "பிரேக்கு, பிரேக்கு... அது ஹாரன்."

இருபத்தஞ்சாம் தேதி கண்காட்சி. மொத மொத எனக்குன்னு ஒரு சுவரு குடுத்திருக்காங்க. உங்களக் கேக்காம எடுத்துட்டேன். வேணாம்னா சொல்லுங்க, அத்தனையும் கிழிச்சுடறேன். வேற சரக்கு இல்ல. வெறும் சுவத்து முன்னாடி நிக்கறேன்.

வாலு

மார்ச் 9

வாலுக்கு,

வந்துச்சு. கோவம் தீரல, அது வேற.

எழுத்து ஏன் ரெண்டு ரெண்டாத் தெரியுது? நட்டு கழண்ட இஞ்சின் மாதிரி ஆடுது. உங்கம்மா கண்ணாடிய மாட்டிப் பாத்தா, கழட்டிப் பாத்தா. அப்பவும் ஆடுது. பிரேக்குன்னு பிங்க்ல போட்டா எவன் நிப்பான்?

கிழிக்கறதப் பத்தி யோசிச்சு சொல்றேன்.

அப்பா

மார்ச் 12

அப்பாவுக்கு,

சட்டம் நழுவி ரெண்டாவது கலரு ஒரு விரக்கடை தள்ளி விழுந்துடுச்சு. தப்புதான். ஆனா பாத்ததும் நம்ம வண்டில உக்காந்த மாதிரியே இருந்துச்சு. மிச்சத்தை வேணும்னே நழுவ விட்டேன்.

பிங்க் ஏன்னா, நீங்க கத்துனா எவனும் பயப்படறதில்ல, சிரிக்கறான். நான் ஒருத்திதான் பயந்தேன். ஓட்டறவங்களுக்குப் பக்கத்து சீட்டுல, உங்க காலடியிலயும் ஒரு பிரேக்கு இருக்குல்ல? மத்தவங்களுக்கு எப்பவாவதுதான் மிதிப்பீங்க. என் விஷயத்துல கால எடுக்கவே இல்லையே.

யோசிச்சாச்சா? கத்தரிக்கோல் பக்கத்துலதான் இருக்கு.

வாலு

மார்ச் 18

வாலுக்கு,

கத்தரிக்கோல உள்ள வை.

ஷெட்டு சுவத்துல ஒட்டிட்டேன். ரிவர்ஸ் எடுக்கறவங்க எல்லாம் இடிக்கற சுவரு. ஒட்டுனதுலேருந்து எவனும் இடிக்கல. நேத்து ஒரு பல் டாக்டரம்மா மட்டும் படிச்சு சிரிச்சுக்கிட்டே போய் இடிச்சாங்க. "சார், இது உங்க குரலாச்சே"ன்னாங்க. என் பொண்ணு அச்சடிச்சதுன்னேன். வாய் தவறி வந்துடுச்சு. அப்புறம் தெருவுல மூணு பேர்கிட்ட வாய் தவறாமயே சொன்னேன்.

பிங்க்கே இருக்கட்டும். நிக்கறாங்க.

இருபத்தஞ்சாம் தேதி கிளாஸ் எதுவும் வெச்சுக்கல. நானும் உங்கம்மாவும் வண்டில வரோம். திரும்பி வரப்ப நீ ஓட்டு. நான் பக்கத்து சீட்டுல சம்மணம் போட்டு உக்காந்துக்கறேன்.

அப்பா